இருவர் உழைப்பு, ஒருவர் கணக்கு: கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தம்பதியரின் அறுவடை வேலை

செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் குலை வெட்டுவார். இன்னொருவர் கீழே சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்குவார். பால்மரத் தோட்டத்தில் ஒருவர் ஒரு நிரையிலும் மற்றவர் பக்கத்து நிரையிலும் பால் வெட்டுவார்கள். இந்த இருவரும் கணவன் மனைவியாக இருப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தலைமுறை வழக்கம். காப்பார், பந்திங், கேரித் தீவு, கோல சிலாங்கூர் என்று கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் குடும்பமாக ஆள் எடுத்தன, குடும்பமாக வீடு கொடுத்தன, குடும்பமாக வேலை வாங்கின. சம்பளத்தை மட்டும் ஆள் பெயரில் எழுதின. எழுதும்போது யார் பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறியது, யார் பெயர் விடுபட்டது என்பதுதான் தம்பதியரின் அறுவடை வேலையைப் பற்றிய முதன்மையான கேள்வி. பயிர் மாறியபோதும் சட்டம் மாறியபோதும் இந்தக் கேள்விக்கான விடை மாறியிருக்கிறது.

ரப்பரும் செம்பனையும் நெல்லைப் போல ஒரே வீச்சில் அறுத்து முடிக்கும் பயிர்கள் அல்ல. ஆனாலும் இரண்டுக்கும் பருவம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில் பால்மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும். அப்போது பால் குறையும். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. செம்பனையில் பொதுவாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குலை பெருகும். ஆண்டின் தொடக்க மாதங்களில் சுருங்கும். எடைக்குச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இதுவே நல்ல மாதம், கெட்ட மாதம் என்ற கணக்கு. கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில், ஒரே பயிரில் வேலை செய்யும்போது கெட்ட மாதம் இருவருக்கும் சேர்ந்தே வரும். ஒருவர் வேறு தொழிலில் இருந்தால் கிடைக்கும் தாங்கல் இந்தக் குடும்பங்களுக்கு இல்லை.

தனியாள் வேலை குடும்ப வேலையான விதம்

சிலாங்கூரில் தோட்டத் தொழில் காப்பியில் தொடங்கியது. 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை சரிந்ததும், பூச்சித் தொல்லையும் சேர்ந்துகொள்ள, தோட்டக்காரர்கள் ரப்பருக்குத் தாவினார்கள். மோட்டார் வண்டியின் வருகையால் ரப்பர் விலை ஏறிய 1905க்குப் பிந்தைய ஆண்டுகளில் கிள்ளான் வட்டாரக் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டன. காட்டை அழித்து மரம் நட ஆண்கள் போதும் என்பது அன்றைய நிர்வாகங்களின் எண்ணம். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெண்கள் மிகச் சிலர். 1901இல் மலாயாவில் இந்தியர்களிடையே ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 170 பெண்களே இருந்தார்கள்.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை ஆள் எடுக்கும் முதன்மை வழியானது. கங்காணி தன் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் உறவுமுறை சொல்லி ஆள் சேர்ப்பவர். தனி ஆளைவிடக் குடும்பத்தைக் கூட்டிவருவது அவருக்கு லாபம். 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டமும் தனி ஆண்களை மட்டுமே அள்ளிச் செல்வதைக் கட்டுப்படுத்த முயன்றது. 1931இல் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 480 பெண்கள், 1957இல் சுமார் 690 என்று விகிதம் உயர்ந்தது. இடையில், 1938இல், கூலித் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்துக் கப்பலேற்றுவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து புதிய ஆள் வருவது பெரிதும் குறைந்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளே அடுத்த தலைமுறைத் தொழிலாளர்களானார்கள்.

குடும்பமாக ஆள் எடுத்ததைத் தோட்ட முதலாளிகளின் கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மனைவி மக்களோடு லயம் எனப்படும் வரிசை வீட்டில் குடியிருப்பவர் பக்கத்துத் தோட்டத்தில் ஐந்து காசு கூடக் கிடைக்கிறது என்பதற்காக மூட்டை கட்டிவிட மாட்டார். ஒரே வீட்டில் இரண்டு வேலையாட்கள் இருந்தால் நிர்வாகத்துக்கு வீட்டுச் செலவு பாதி. பெண்ணுக்குக் கூலியும் குறைவு. குடும்பங்களுக்கும் இதில் ஆதாயம் இருந்தது: ஊரில் கிடைக்காத ரொக்கக் கூலி இருவர் கையிலும் வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பவும் நகை சேர்க்கவும் இரண்டாவது கூலியே உதவியது.

பால்மரத்தில் இருவருக்கும் தனி நிரை

ரப்பர் தோட்டத்தின் நாள் இருட்டில் தொடங்கும். மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பது விடியற்காலையில். வெயில் ஏறஏறப் பால் நின்றுவிடும். அதனால் விடிவதற்கு முன்பே பெரட்டு எனப்படும் ஆள்கணக்குக் கூட்டம். அங்கே கங்காணியும் எழுத்தரான கிராணியும் பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். 1955ஆம் ஆண்டின் தொழிலாளர் வேலைச் சட்டம் இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் பெண்களைத் தோட்ட வேலைக்கு அழைக்கக் கூடாது என்றது. பெரட்டு நேரத்தை வகுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் பெண்ணின் வேலை நாள் பெரட்டில் தொடங்குவதில்லை. அடுப்பு மூட்டி, பசியாற ஏதாவது செய்து, மதியத்துக்கும் சமைத்து, தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அவர் பெரட்டுக்கு வருவார். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் பட்டதில்லை.

ஒரு நிரையில் ஐந்நூறு மரத்துக்கு மேல் இருக்கும். உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. இது கைப்பழக்கம் சார்ந்த வேலை, உடல் வலு சார்ந்த வேலை அல்ல. பெண்கள் ஆண்களுக்கு இணையாகவும், பல தோட்டங்களில் ஆண்களைவிட நேர்த்தியாகவும் பால் வெட்டினார்கள். வெட்டி முடித்தபின், கடைசி மரத்தில் பால் வடியும்வரை சிறிது ஓய்வு. பிறகு மங்கு எனப்படும் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து வர வேண்டும். அங்கே எடை பார்ப்பார்கள், பாலின் திடத்தைச் சோதிப்பார்கள், பெயருக்கு நேரே எழுதுவார்கள். முந்தைய நாள் மங்கில் உறைந்த கட்டிப்பாலுக்குத் தனிக் கணக்கு.

தம்பதியர் பக்கத்துப் பக்கத்து நிரைகளைக் கேட்டு வாங்குவது வழக்கம். முதலில் முடித்தவர் மற்றவருக்கு உதவுவார். பாம்பு, பன்றி, காட்டின் இருட்டு இவற்றுக்கு எதிரே இருவர் இருப்பது பாதுகாப்பு. வெட்டும் நேரத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் பெண்ணிடம் அத்துமீறும் மேலாள்களுக்கு எதிராகவும் இது ஒரு காப்பாக இருந்தது. அந்த அத்துமீறல் கற்பனையான அச்சம் அல்ல என்பதற்கு ஆதாரம், கீழே பார்க்கப்போகும் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலிலேயே இருக்கிறது.

பால்மரத்தில் மனைவிக்குத் தனி நிரை, தனி வாளி, தனி எடை. கூலி விகிதம் குறைவாக இருந்தாலும் கணக்கில் அவர் பெயர் இருந்தது. இதைச் சிறிய விஷயமாகக் கருத முடியாது. சில வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும் கணவனின் நிரைக்கு உதவியாளாகப் போய்ப் பெயரில்லாமல் உழைத்ததும் உண்டு. ஆனால் அது விதிவிலக்கு; தோட்டத்தின் பொது வழக்கம் பெண்ணையும் தனி வெட்டாளாகவே எண்ணியது.

கூலி விகிதம் வேறு கதை. 1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரம், ஒரே உளி, ஒரே நேரம். கூலியில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆண் குடும்பத்தைக் காப்பவர், பெண்ணின் வருமானம் கைச்செலவுக்கு என்ற கணிப்பே இதன் அடிப்படை. 1930இல் உலக மந்தம் வந்தபோது இது 40, 32 என்று வெட்டப்பட்டது. பிறகு இன்னும் கீழே போனது. வேலையிழந்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1936 இறுதியில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்த, இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி பழைய 50, 40 காசுக் கூலியைத் திரும்பக் கொடுக்கப் பரிந்துரைத்தார். ஆண்-பெண் வேறுபாட்டை அவரும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்கள் வெறும் கூலிப் போராட்டம் அல்ல. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி ஒன்று. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலாள்கள் அத்துமீறுவதை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவம், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, வெள்ளைக்கார மேலாளரான துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவை மற்றவை. இவற்றில் பாதிக்கு மேல் குடும்பமாக வாழ்பவர்களின் கோரிக்கைகள். தனியாளாக வந்து தனியாளாகத் திரும்பும் கூலிகள் பள்ளிக்கூடம் கேட்டிருக்க மாட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னது கணவனின் கூலி வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவும்தான். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பாதவர்களின் மனைவிமார் லயங்களில் மரவள்ளிக் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். போருக்குப் பின் அவர்களில் பலர் தனியாகவே பால் வெட்டிக் குடும்பம் நடத்தினார்கள்.

1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் தலைமையில் முதலாளிகள் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தங்கள் போட்டது. ரப்பர் விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற ஏற்பாடு அந்த ஒப்பந்தங்களில் இருந்தது. கணவன், மனைவி இருவரின் வருமானமும் ஒரே உலகச் சந்தை விலையில் தொங்கியது.

செம்பனையில் வெட்டும் கையும் பொறுக்கும் கையும்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கிள்ளானுக்கு வடக்கே, கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1917இல் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார்.  ஆனால் செம்பனை பெரிய அளவில் பரவியது 1960களுக்குப் பிறகுதான். செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலை தளர, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டன. கேரித் தீவும் பந்திங் கடலோரமும் பெருமளவில் செம்பனைக் காடாயின.

பயிர் மாற்றம் தம்பதியரின் வேலையைத் தலைகீழாக்கியது. இளமரத்தில் உளி போன்ற இரும்பாலும், வளர்ந்த மரத்தில் நீண்ட கம்பு நுனியில் கட்டிய அரிவாளாலும் குலை வெட்டப்படுகிறது. குலைக்குக் கீழுள்ள மட்டையை முதலில் வெட்டித் தள்ள வேண்டும். பல மீட்டர் உயரத்தில் ஆடும் கம்பைத் தோள் பலத்தில் நிறுத்தி, காம்பைக் குறிவைத்து இழுக்க வேண்டும். ஒரு குலை 15 முதல் 25 கிலோ, சில நேரம் அதற்கும் மேல். விழுந்த குலையைச் சாலையோரம் சேர்க்கும் வேலையும் உண்டு. இது ஆணின் வேலையானது. கீழே சிதறிய பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதும், வெட்டிய மட்டையை வரிசையாக அடுக்குவதும் பெண்ணின் வேலையாயின.

பொறுக்கும் வேலை எளிது என்பது தவறான எண்ணம். குனிந்த முதுகு நிமிராமல் முள்ளும் மட்டையும் நிறைந்த தரையில் பழம் பழமாகப் பொறுக்க வேண்டும். தேள், பாம்பு இரண்டுமே மட்டைக் குவியலில் குடியிருக்கும். இதைவிட முக்கியம் பழத்தின் மதிப்பு. நன்கு பழுத்த பிறகே பழம் உதிர்கிறது. ஆகவே உதிரிப் பழத்தில் எண்ணெய் விகிதம் கூடுதல். அடிபட்டும் தாமதித்தும் போனால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும் என்பதால் பறித்த 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்ப்பது நல்ல தோட்டங்களின் இலக்கு. பொறுக்காமல் விட்ட ஒவ்வொரு பழமும் தோட்டத்துக்கு நேரடி நட்டம். அப்படியிருந்தும் கூலி அட்டவணையின் அடியில் இருந்தது பொறுக்குபவரின் விகிதம்தான். எண்ணெய் அதிகமுள்ள பழத்துக்குக் குறைந்த கூலி என்ற இந்த முரணுக்கு வேளாண்மையில் காரணம் தேடினால் கிடைக்காது. பொறுக்கும் வேலையைச் செய்பவர் யாருடைய மனைவி என்பதில்தான் காரணம் இருக்கிறது.

செம்பனை பெண்களுக்குத் தனி வேலை ஒன்றையும் ஒரு காலத்தில் கொடுத்தது. மலேசியாவில் இந்த மரத்துக்கு இயற்கையான மகரந்தச் சேர்க்கை போதவில்லை. ஆகவே ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, பொடியோடு கலந்து, பெண் பூக்களில் ஊதும் வேலைக்குத் தோட்டங்கள் ஏராளமான பெண்களை வைத்திருந்தன. 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு அந்த வேலையை இலவசமாகச் செய்யத் தொடங்கியது. விளைச்சல் கூடியது, தோட்டத்தின் செலவு குறைந்தது, பெண்களின் பெயரில் எழுதப்பட்ட ஒரு கூலிப் பத்தி செக்ரோலிலிருந்து மறைந்தது. அறிவியல் வெற்றியாகப் பாடநூல்களில் வரும் இந்த வண்டின் வரலாற்றில் அந்தப் பத்தி இடம்பெறுவதில்லை. பெண்களுக்கு மிஞ்சியவை உரமிடுதல், களைக்கொல்லி தெளித்தல், பொறுக்குதல் ஆகியவை. தெளிப்பு வேலையில் பெண்களுக்கு ஏற்பட்ட உடல் கேடுகளைப் பெண்கள் உரிமைக்காக இயங்கும் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பெரிதும் பேசப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் முழுத்தடை வர 2020 ஆகியது.

ஒரு பெயரில் இரண்டு ஆள்

குலைக்கு எடைக் கூலி வந்ததும், கணவன் வெட்ட மனைவி பொறுக்கினால் ஒரு நாளில் முடியும் மரங்களின் எண்ணிக்கை கூடியது. குடும்ப வருமானமும் கூடியது. நிர்வாகம் அந்த எடையைக் கணவன் பெயரில் எழுதிவிட்டால் எழுத்து வேலை மிச்சம். மனைவி பதிவான தொழிலாளியாக இருந்தால் நேரத்துக்கு வர வேண்டும், விடுப்பு எழுத வேண்டும். உதவியாளாக இருந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வராமல் இருக்கலாம். இந்தச் சௌகரியத்துக்காகவே பல பெண்கள் பதிவை விரும்பவில்லை என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நெகிழ்வான நேரம், நம்பகமான கூட்டாளி, பங்கு பிரிப்பதில் சண்டை இல்லாமை ஆகியவை தம்பதியர் வேலையின் மெய்யான நன்மைகள். கூலி ஒரே வீட்டுக்குத்தானே போகிறது, யார் பெயரில் போனால் என்ன என்ற வாதமும் இங்கிருந்தே பிறக்கிறது.

வேறுபாடு சம்பள நாளில் தெரியாது. விபத்திலும் முதுமையிலும் பிரிவிலும்தான் தெரியும். ஊழியர் சேம நிதி 1951 முதல் இருக்கிறது. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. இரண்டும் பெயருக்குத்தான் பணம் கொடுக்கும், குடும்பத்துக்கு அல்ல. முப்பது ஆண்டு பொறுக்கியவரின் பெயர் செக்ரோலில் இல்லையென்றால் அவருக்குச் சேம நிதி இல்லை. மட்டை விழுந்து முதுகெலும்பு முறிந்தால் வேலை விபத்து இழப்பீடு இல்லை. மகப்பேற்று விடுப்புச் சம்பளம் இல்லை. கணவன் குடித்தழித்தாலோ விட்டுப் போனாலோ தன் உழைப்பு இத்தனை என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டணத்தில் ஓரளவு காப்பு தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் தோட்டத்தில் உழைத்தவரை இல்லத்தரசி என்று பதிவதில் ஒரு முரண் இருக்கிறது.

குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இந்தச் சிக்கலை ஒருபுறம் தீர்த்து மறுபுறம் இறுக்கியது. 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு மாதம் 900 ரிங்கிட் என்று தொடங்கிய தொகை 2022 மே மாதம் 1,500 ஆகவும் 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்ந்தது. எடைக்கோ துண்டுக்கோ கூலி வாங்குபவருக்கும் மாத வருமானம் இந்தத் தொகைக்குக் குறையக் கூடாது என்பது விதி. பல தலைமுறையாக விலையோடும் மழையோடும் ஆடிய கூலிக்கு முதல்முறையாக ஒரு தரை கிடைத்தது. ஆனால் இருவர் பெயரும் பதிவில் இருந்தால் இருவருக்கும் தலா 1,700 கொடுக்க வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், இருவர் உழைத்த எடையால் அந்த ஒருவர் வரம்பைத் தாண்டிவிடுவார். நிர்வாகம் மேலே ஈடுகட்ட வேண்டியதே இராது. மனைவியின் பெயரை விட்டுவிட இதைவிட வலுவான பணக் காரணம் முன்பு இருந்ததில்லை.

இருவர் உழைப்பை ஒரு பெயரில் எழுதும் இந்த வழக்கின் கடுமையான வடிவம் இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் கரும்பு வெட்டில் இருக்கிறது. பீட் மாவட்டத்திலிருந்து அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிளம்பும் தம்பதியர் மார்ச், ஏப்ரல் வரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுகிறார்கள். அங்கே கணவன்-மனைவி ஜோடியே ஓர் அலகு. முன்பணம் ஜோடிக்கு, கூலி டன்னுக்கு, ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் பிடித்தம். மாதவிடாயும் மருத்துவமும் வேலைநாளைக் கெடுக்கின்றன என்று இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்கள் பலர் என்ற செய்தி 2019இல் வெளியாகி, மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது. ஜோடியை ஓர் ஆளாக எண்ணும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது கண்கூடான சான்று. மலேசியத் தோட்டத்தில் வீடும் மாதச் சம்பளச் சட்டமும் தொழிற்சங்கமும் இருந்ததால் நிலைமை அவ்வளவு தூரம் போகவில்லை.

வேலையோடு போன வீடு

வீடுதான் தோட்டத் தம்பதியரின் பெரிய பலமும் பெரிய பலவீனமும். லய வீடு வேலைக்குச் சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். இருவரும் ஒரே தோட்டத்தில் இருந்தால் ஒரே நாளில் இரண்டு சம்பளமும் கூரையும் போய்விடும். 1950களில் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது இதை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்டன. தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக அன்றைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 

நகரம் தோட்டத்தை விழுங்கியது அடுத்த கட்டம். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், சுபாங் ஜெயா மூன்றும் ரப்பர்த் தோட்டங்களின் மேல் எழுந்த ஊர்கள். புக்கிட் ராஜா தோட்டத்தின் பெயரில் இன்று ஒரு நகரியம் இருக்கிறது. தோட்டம் மூடப்பட்டபோது கணவனும் மனைவியும் ஒரே வழியில் போகவில்லை. 1970களில் திறந்த மின்னணு ஆலைகள் இளம் பெண்களை எடுத்தன. நடுவயதுப் பெண்கள் கிள்ளானிலும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வீட்டு வேலைக்கும் கட்டடங்களில் துப்புரவு வேலைக்கும் போனார்கள். ஆண்கள் லாரி, துறைமுகம், காவல் வேலை என்று சிதறினார்கள். ஜோடியாக வேலை செய்யும் பழக்கம் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அந்தத் தலைமுறையோடு முடிந்தது. முதல்முறையாகத் தன் பெயரில் சம்பளச் சீட்டும் சேம நிதி எண்ணும் பெற்ற பெண்கள் அவர்களில் பலர்.

இன்றைய அறுவடையாளர்

இப்போது செம்பனை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்கதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தற்காலிக வேலை அனுமதி ஓர் ஆளுக்குத்தான். குடும்பத்தை அழைத்துவர இடமில்லை. நூறாண்டுக்கு முன் குடும்பமாக ஆள் கேட்ட தோட்டம் இன்று தனியாளாகக் கேட்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களை நடத்தும் விதம் பற்றிய புகார்களால் 2020இல் எஃப்ஜிவி, சைம் டார்பி நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கா தடுத்து வைத்தது. சைம் டார்பிக்கான தடை 2023இல் நீங்கியது. இந்தத் தடைகளுக்குப் பின் பெரிய நிறுவனங்களில் செக்ரோலில் இல்லாத ஆள் தோட்டத்தில் இருப்பதே கேள்விக்குரியதாகிவிட்டது. மோட்டார் அரிவாள் வந்து ஒருவர் ஒரு நாளில் வெட்டும் குலை கூடியிருக்கிறது. ஆனால் உதிரிப் பழம் பொறுக்குவதில் மனிதக் கைக்கு முழு மாற்று இன்னும் வரவில்லை.

எதிர்த் திசையிலும் ஓர் ஓட்டம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் இளம் தம்பதியர் சிலர் ஆஸ்திரேலியப் பழத்தோட்டங்களுக்குப் பருவ வேலைக்குப் போகிறார்கள். 18 முதல் 30 வயதுவரையான மலேசியர்களுக்கு வேலையோடு கூடிய விடுமுறை விசா உண்டு. சுற்றுலா அனுமதியில் போய்ப் பழம் பறிப்பது அங்கே சட்டவிரோதம். அப்படி மாட்டிக்கொள்பவர்கள் ஒப்பந்தக்காரர் கொடுத்ததே கூலி என்று வாங்கிக்கொள்ள நேரும். கூடைக்குக் கூலி வாங்குபவருக்கும் மணிக்கணக்கில் ஒரு தரைத்தொகை உறுதி என்ற விதி ஆஸ்திரேலியத் தோட்டக்கலைத் துறையில் 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. மலேசியா மாதக் கணக்கில் அத்தகைய தரையை 2013லேயே கொண்டுவந்துவிட்டது. இரண்டு பேர் பறித்ததை ஒரு பெயரில் எழுதினால் அங்கும் அந்தத் தரைத்தொகை ஒருவருக்குத்தான். தனித்தனியாக எழுதச் சொல்லி வாங்குவது தம்பதியரின் பொறுப்பாகிவிடுகிறது.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டுத் தொழிலாளர் வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் பெண்களின் இரவு வேலைத் தடையை நீக்கின. மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தின. கணவனுக்கு 7 நாள் விடுப்புக் கொடுத்தன. தோட்டத் தம்பதியருக்கு இவற்றைவிடப் பயனுள்ளது அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவு. அதன் எண் 101சி. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவரின் வேலை முறையை இன்னொருவர் கட்டுப்படுத்தினால், அல்லது வேலை நேரத்தை வகுத்தால், அல்லது கருவி கொடுத்தால், அல்லது அந்த வேலை தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை அவர் தொழிலாளியாகவே கருதப்படுவார் என்கிறது அது. கணவனின் நிரையில் பழம் பொறுக்கும் மனைவிக்கு இந்த அடையாளங்களில் ஒன்றுக்கு மேல் பொருந்தும். பெயர் செக்ரோலில் இல்லையென்றாலும் அவர் தொழிலாளர் இலாகாவில் தன் பெயரில் மனுக் கொடுக்கலாம்.